விஜயதசமியில் அரைத்த சேறு

புவனேஸ்வரன் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குற்றத்தைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, எழுதுகிறேன். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க் உத்தியோகத்துக்கு மலாயா வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக மற்றவர்களின் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள். சொந்தப் பிழையைச் சுழிப்பது எனக்குப் புதுப் பழக்கம்.

என் பெயர் துஷ்யந்தி. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருஷமாக வேலை. ஆறுகள் கடலுக்குச் சுமந்து போகும் வண்டலில் என்னென்ன உலோகம், எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வேன். அந்த வண்டலை அளக்கத் தகுந்தபடி ஆக்கித் தருபவர் புவனேஸ்வரன் அண்ணன். ஈரச் சேற்றை ஓவனில் காயவைப்பார், கட்டியை உடைப்பார், சலிப்பார், கல் கிண்ணம் வைத்த அரைவை எந்திரத்தில் போட்டு முகப் பவுடர் மாதிரி ஆகும்வரை அரைப்பார். அவர் தரும் பொடியை நான் அமிலத்தில் கரைத்து மெஷினில் விடுவேன். அறிக்கையில் என் பெயர் மேலே வரும். அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற சொல்லுக்குக் கீழே வரும். அதுவும் நான் மறக்காமல் இருந்தால்.

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வளர்ந்தவர், இன்றும் அங்கேதான் இருக்கிறார். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அண்ணனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம் கப்பலின் அடித்தட்டில் விழுந்து இறந்துபோனார். சேதி வந்த கையோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அம்மாவின் நெற்றிப் பொட்டை ஈரத் துணியால் அழித்தார்கள். இவர் கதவோரம் நின்று அதைப் பார்த்திருக்கிறார். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஓவன் சூடாகக் காத்திருந்த நேரத்தில், என் முகத்தைப் பார்க்காமல்.

"அன்னிலேருந்து யாராச்சும் பொட்டை அழிக்கிறதைப் பார்த்தா எனக்கு கை காலு ஆடிப் போயிரும் டாக்டர்" என்றார்.

மனைவி லெட்சுமி தவறி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் தனுஜா. மருமகன் அருணன் தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருகிறான். மூன்று பேரும் ஒரே வீடு. போன வருஷம் தனுஜா முழுகாமல் இருந்தாள். செப்டம்பர் கடைசியில் வளைகாப்பு. ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோருக்கும் லட்டு வந்தது. எங்கள் தலைவர் டாக்டர் ஹாரிஸ் மூன்று லட்டு எடுத்தார்.

அண்ணனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் "சரி டாக்டர்" என்பார். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வார். ஒவ்வொரு சேற்றிலும் பாதியைத்தான் அரைப்பார். மீதிப் பாதியை அரைக்காமல் காக்கி உறையில் போட்டு ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைப்பார். வருஷக்கணக்கில் சேர்ந்து அங்கே நடக்க இடமில்லை. சேற்று வாடை வேறு. தூக்கிப் போடுங்கள் என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். சரி டாக்டர், சரி டாக்டர்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஆயுத பூசை அன்று சாயங்காலம் எல்லாக் கருவிகளையும் துடைத்து, சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைப்பார். ஓவன், சல்லடை, தராசு, அரைவை எந்திரம், என்னுடைய மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. அவித்த கடலையும் பொரியும் எல்லோருக்கும் கிடைக்கும். பூசை வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, அன்றைக்குப் புது வேலை தொடங்க வேண்டும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். எனக்கு இதில் குறை தோன்றியதே இல்லை. மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாப் பொட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவார் என்பதால் யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

போன வருஷம் விஜயதசமி அன்று தொடங்கிய புது வேலை மூடா என்ற ஆற்றின் சேறு. கழிமுகத்திலிருந்து மேல்நோக்கிப் பன்னிரண்டு இடங்களில் எடுத்தது. கடலை ஒட்டிய முதல் இடத்தில் கெராங் வளர்க்கிறார்கள். சார் குவே தியாவ் நூடுல்ஸில் போடுகிற அந்தச் சிப்பிதான். ஹஸ்ருல் என்பவரும் இன்னும் பதினோரு குடும்பங்களும் அந்தச் சேற்றில் குஞ்சுகளை விதைத்துப் பிழைக்கிறார்கள். சேறு எடுக்கப் படகு ஓட்டியவரும் ஹஸ்ருல்தான். அன்று அண்ணனுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

மூன்று வாரத்தில் என் எண்கள் வந்தன. கழிமுகத்துச் சேற்றில், கிலோவுக்கு நூற்று நாற்பத்திரண்டு மில்லிகிராம் ஈயம். மேலே போகப் போகக் குறைந்து, பன்னிரண்டாவது இடத்தில் வெறும் இருபத்தைந்து. அந்த ஆற்றுக்கு இயல்பு இருபத்து நாலு, இருபத்தைந்துதான்.

எடுத்த எடுப்பில் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். களிமண் அதிகமுள்ள சேறு எல்லா உலோகத்தையும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணல் பிடிக்காது. கழிமுகத்தில் உப்பு நீர் பட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அங்கேயே படியும். அதனால் கழிமுகத்தில் ஈயம் கூடத் தெரிவதில் அதிசயம் இல்லை. இதற்காகவே அலுமினியத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அது களிமண்ணோடு கூடவே வருவது, மனிதர்கள் கொட்டுவதால் அவ்வளவாக மாறாது. அலுமினியத்தால் வகுத்துப் பார்த்தேன். அப்போதும் கழிமுகத்தில் ஈயம் ஐந்து மடங்கு நின்றது. துத்தநாகம் கூடவில்லை, செம்பும் கூடவில்லை. தனி ஈயம்.

தனி ஈயம் என்றதும் எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. படகின் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் சிவப்புப் பெயின்ட். பழைய பெயின்டில் இருக்கும் சிவப்பே ஈயச் செந்தூரம்தான். கழிமுகத்தில் படகு பழுது பார்க்கும் இடம் ஒன்று இருந்தது. ஆக, மீனவர்கள் தங்கள் கெராங்கைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு அழகான வளைகோடு என் வாழ்நாளில் வந்ததில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு மீன்வளத் துறை அதிகாரிகள் அறிக்கையை வாங்க வருவதாக ஏற்பாடு. வாங்கிய அன்றே கெராங் படுகையை மூடிவிடுவார்கள்.

எப்படியோ சேதி கசிந்து, செவ்வாய் மத்தியானம் ஹஸ்ருல் வந்து நின்றார். குஞ்சு விதைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் நாலு மாதத்தில் அள்ள வேண்டும், இப்போது மூடினால் பன்னிரண்டு குடும்பமும் என்ன செய்யும் என்று மலாயில் கேட்டார். சத்தம் போடவில்லை. என் பலகையில் இருந்த வளைகோட்டைக் காட்டி விளக்கினேன். அவர் பலகையைப் பார்க்காமல் என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் படகுக்கெல்லாம் இப்போது ஃபைபர்தான், சிவப்புப் பெயின்ட் அடித்துப் பத்து வருஷம் ஆகிறது என்றார். பழையது சேற்றில் கிடக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அவர் போனதும் அண்ணன் உள்ளே வந்தார். பலகை முன்னால் நின்றார். போகிறவராகத் தெரியவில்லை.

"என்னண்ணே?"

"இந்த ஏழாம் நம்பர் ஏன் டாக்டர் மேல நிக்குது?"

பன்னிரண்டில் அது ஒன்றுதான் கோட்டில் அடங்காதது. ஆற்றின் நடுப்பகுதியில் எடுத்தது, ஆனால் நூற்று இருபத்தெட்டு. அதைச் சுழித்து வைத்திருந்தேன்.

"பக்கத்துல ஹைவே பாலம் இருக்கில்ல, லாரிப் புகை. பழைய பெட்ரோல் ஈயம். அதுக்கென்ன?"

அவர் சட்டைப் பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்தார். எந்தச் சேற்றை எப்போது ஓவனிலிருந்து எடுத்தார், எப்போது அரைத்தார் என்று அதில் குறித்து வைப்பார். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"ஏழாம் நம்பரை நான் ரெண்டாவதா அரைச்சேன் டாக்டர். பை கிழிஞ்சு ஓவன்ல சிந்திக்கிட்டு இருந்திச்சு, அதான் மொதல்ல முடிச்சிட்டேன். ஒண்ணு, அப்புறம் ஏழு, அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. உப்புச் சேறு காத்துப் பட்டா திரும்ப ஈரமாயிருமேன்னு எப்பவும் கடல் பக்கத்துலேருந்துதானே அரைப்பேன்."

எண்களை அவர் அரைத்த வரிசையில் எழுதிப் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு. நூற்று இருபத்தெட்டு. நூற்றுப் பதினைந்து. நூற்றொன்று. எண்பத்தெட்டு. ஏழாம் நம்பர் பிசிறில்லாமல் வந்து கோட்டில் உட்கார்ந்தது. அந்த வளைகோடு ஆற்றுடையது இல்லை, அரைவை எந்திரத்துடையது.

"எந்திரத்துல என்ன இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"பொட்டு."

"பொட்டா? மறுநாள் காலையில தொடச்சிடுவீங்கல்ல?"

"மத்ததெல்லாம் தொடச்சிட்டேன். அரைக்கிற எந்திரத்துக்கு மட்டும்..." நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். "அது தனுவோட வளைகாப்புக் குங்குமம் டாக்டர். நல்ல காரியத்துக்கு வந்தது, அழிக்க மனசு வரலை. மூடி மேலதானே இருக்கு, உள்ள போகாதுன்னு நெனச்சேன். ஆனா மூடியைத் தொறக்கறப்பெல்லாம் கட்டை விரல் அதுலதான் படும். அதே விரலாலதான் கிண்ணத்தை வழிப்பேன். கையுறை போட்டிருந்தேன், மாத்தலை. பன்னெண்டு முடியறப்ப பொட்டு இல்லை. தானா காஞ்சு உதிர்ந்திச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தேன். படித்தவர்கள் நடத்துகிற ஆய்வுக்கூடமா, கோயில் மடப்பள்ளியா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் ஏதோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "ஹஸ்ருல் வீட்டுல சாப்பிட்டிருக்கேன் டாக்டர்" என்றார், அவ்வளவுதான்.

கோபம் அடங்கியபோது என் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. வேலை தொடங்கும் முன் சுத்தமான வெள்ளை மணலை அரைத்து, அதில் ஏதாவது உலோகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எந்திரம் சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. அதைச் செய்தோம், ஆனால் பூசைக்கு முன்னால், அன்று காலையிலேயே. பூசைக்குப் பிறகு கருவியைத் தொடக்கூடாதே என்று நான்தான் முன்னால் தள்ளி வைத்தேன். சேற்றை வரிசை கலைத்து அரைக்கச் சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருப்பது இது.

இருவரும் டாக்டர் ஹாரிஸிடம் போனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் அடுத்த மாதம் தரச் சான்றிதழுக்கான சோதனைக் குழு வரவிருந்தது, பாவம் அந்தப் பயத்திலேயே இளைத்திருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குங்குமத்தில் ஈயம் இருந்தது என்பது வெறும் ஊகம் என்றார். எங்களிடம் அதைச் சட்டென்று அளக்கக்கூடிய எக்ஸ்ரே கருவி ஒன்று உண்டு. அது வேறொரு வேலைக்குப் பட்டர்வொர்த் போயிருந்தது, வியாழன் காலையில்தான் திரும்பும். ஊகத்தை நம்பி அறிக்கையை நிறுத்தி, பிறகு ஆற்றில் உண்மையாகவே ஈயம் இருந்தால் அந்தக் கெராங்கைத் தின்னும் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு அண்ணனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். நீங்கள் சொன்னது உண்மை என்றால், கருவியில் வெளிப்பொருள் வைத்ததற்கு விதிப்படி உங்களை வேலையிலிருந்து நீக்க வேண்டிவரும். பொய் என்றாலும், வைத்ததாக நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். சொன்னதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா?

"இல்லை பாஸ்" என்றார் அண்ணன்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. வீட்டில் பிரசவம் காத்திருந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது. அரைக்காமல் வைத்த மறுபாதிகள். அவற்றில் குங்குமம் பட்டிருக்க வழியில்லை. அவற்றை அளந்தால் ஆறு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே ஓடினேன். அந்த இடம் காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

நான்தான் சொல்லியிருந்தேன். முந்தின நாள் திங்கட்கிழமை, சோதனைக் குழு வருவதற்குள் ஒரு உறை மிச்சமில்லாமல் குப்பைக்குப் போக வேண்டும் என்று கத்தியிருந்தேன். குப்பை லாரி செவ்வாய் காலை ஏழு மணிக்கு வரும். அந்த வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார், அதுவும் இந்தத் தடவை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

பின்னால் வந்து நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"கெரெத்தா பூட்டுல இருக்கு டாக்டர்."

"எது?"

"எல்லாம்தான் லா. வீட்டுல கொண்டுபோயி வைக்கலாம்னு பார்த்தேன், தனு கத்துவா. அதான் கெரெத்தாவுலயே கெடக்கு."

காரின் பின்பெட்டியைத்தான் சொன்னார். மனுஷனைக் கட்டிப் பிடிக்காத குறை.

புதன் முழுக்க அரைத்தோம். எந்திரத்தைத் தொடவே இல்லை. புதிதாக வந்திருந்த கல் கையுரலை எடுத்து, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, முதலில் வெள்ளை மணல், பிறகு சேறு, பிறகு மறுபடி மணல். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. வரிசையைக் கலைக்க வேண்டும் என்று பன்னிரண்டு துண்டுச் சீட்டில் எண்களை எழுதிக் குலுக்கி, அண்ணனை எடுக்கச் சொன்னேன். கழிமுகத்தின் முதல் நம்பர் பன்னிரண்டாவதாக, கடைசியில் வந்தது. கையால் அரைப்பது லேசில்லை. மத்தியானத்துக்குள் அவர் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் அரைக்கிறேன் என்றேன். "நீங்க அரைச்சா பரும்படியா வரும் டாக்டர்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் நான் பொடிகளை அமிலத்தில் போட்டேன். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, தனுவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, அடிக்கடி தலை வலிக்கிறது என்கிறாள், கிளினிக்கில் இரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு வரும்போது அந்தக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள், நடந்த தவறைப் பதியும் படிவத்தில் ஆதாரமாக இணைக்க வேண்டும் என்றேன். சரி டாக்டர் என்றார். எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். ஈயத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறவள் நான். ஆனால் என் தலைக்குள் பன்னிரண்டு எண்களைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு மெஷினை ஓடவிட்டேன். ஒரு சேற்றுக்கு ஐந்து நிமிடம். அண்ணன் சுவரோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டர் ஹாரிஸ் வாசலில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வரவேற்பறையில் ஹஸ்ருல் ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தது பன்னிரண்டாம் நம்பர். இருபத்து நாலு. அது முன்பும் கிட்டத்தட்ட அதுதான், எதையும் நிரூபிக்காது. அடுத்து ஒன்பது. இருபத்து மூன்று, முன்பு நாற்பது. அடுத்து ஐந்து. இருபத்தைந்து, முன்பு எழுபத்து நாலு. நாலாவதாக ஏழு. திரையில் எண் வருவதற்குள் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

இருபத்து மூன்று.

ஹைவே பாலமும் லாரிப் புகையும் போயே போய்விட்டன. ஆனால் படுகை இருப்பது முதல் நம்பரில். மற்ற பதினொன்றும் சுத்தமாக இருந்து அது மட்டும் உயர்ந்து நின்றால் ஹஸ்ருலுக்கு ஒரு லாபமும் இல்லை. எட்டு ஐம்பத்தேழுக்கு அது மெஷினுக்குள் போனது. அண்ணன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஹாரிஸும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வேறு மொழியில்.

இருபத்தாறு. கழிமுகத்துக் களிமண்ணுக்கு அது இயல்பான அளவு.

டாக்டர் ஹாரிஸ் மேசையிலிருந்த பழைய அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். வெள்ளை மணலைப் பூசைக்கு முன்னால் அரைக்கச் சொன்னது நான், வேலையை விட்டு எடுப்பதானால் என்னை முதலில் எடுங்கள் என்றேன். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும், உன் பெயர் மேலே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஹஸ்ருலிடம் சேதி சொல்லக் கீழே போனார். அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அந்த அறையில் காற்று வந்த மாதிரி இருந்தது.

எக்ஸ்ரே கருவி ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தது. பார்க்கப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். அண்ணன் பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். பளீரென்ற செம்மஞ்சள் சிவப்பு. கோயில் குங்குமத்தில் அந்த நிறம் வராது. கருவியின் வாயைப் பொடிமேல் வைத்து அழுத்தினேன். அரை நிமிடம். ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நூற்றுக்கு முப்பத்தொன்று.

மறுபடி அழுத்தினேன். முப்பத்தொன்று. குங்குமமே இல்லை அது. ஈயச் செந்தூரத்தில் மாவும் வாசனையும் கலந்து டப்பாவில் அடைத்திருந்தார்கள். படகுக்கு அடிக்கிற அதே பொருள்.

"அண்ணே, இந்தக் குங்குமம் எங்க வாங்கினது?"

"மாப்பிள்ளையோட அத்தை வளைகாப்புக்குக் கொண்டாந்தாங்க. பெரிய டப்பா. எந்தக் கடைன்னு தெரியலை டாக்டர்."

"இப்ப வீட்டுல யாரு வைக்கிறா?"

இருபத்தேழு வருஷம் ஈயம் அளக்கிற இடத்தில் வேலை பார்த்தவர், அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும், இரத்தத்தைக் குறைக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேரும். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றிருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

"காலையும் சாயந்தரமும்" என்றார். "நெத்தியிலயும் வகிட்டுலயும். அம்மா படத்துக்கும் வைப்பா. ரெண்டு மாசமா."

கைபேசியை எடுத்தார். நான் வாங்கி மகளின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் திரும்பக் கொடுத்தேன்.

"என்னப்பா இந்நேரத்துல?" என்றாள் தனுஜா.

"தனு... சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன். என்ன விசயம்?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ போயி... மொகத்தைக் கழுவிக்க."

"இப்பதானே குளிச்சேன்."

"திரும்பக் கழுவு. சோப்புப் போட்டு. நெத்தியில..." என்னைப் பார்த்தார். ஒன்பது வயதில் கதவோரம் நின்ற பிள்ளை எப்படிப் பார்த்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். "நெத்தியில இருக்கறதை அழிச்சிரும்மா."

மறுமுனையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"அவருக்கு என்னப்பா ஆச்சு? பாலத்துலயா? அப்பா, சொல்லுப்பா! அருணனுக்கு என்ன ஆச்சு?"

அவள் அலறியதில் கைபேசி கிறீச்சிட்டது. அண்ணனால் பேச முடியவில்லை, இல்லை இல்லை என்று தலையைத்தான் ஆட்டினார், அவளுக்கு அது தெரியுமா? நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தனுஜா, நான் துஷ்யந்தி அக்கா. அருணன் நல்லா இருக்காரு. கேக்குதா? உன் புருஷனுக்கு ஒண்ணும் இல்லை. அந்தக் குங்குமத்துல ஈயம் இருக்கு, விசம். அதான் அப்பா அழிக்கச் சொல்றாரு. நல்லா கழுவு, கையையும் நகத்தையும் கழுவு, டப்பாவை மூடி வெளிய வை. இன்னைக்கே இரத்தம் சோதிக்கணும், நானே கெரெத்தா எடுத்துக்கிட்டு வர்றேன்."

இதை மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவள் அழுகை நின்றது. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடியது. அண்ணன் கைபேசியைத் திரும்ப வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

"கழுவிட்டேன்ப்பா" என்றாள். "கண்ணாடியில பார்க்கப் பயமா இருக்கு."

"பார்க்காதம்மா. அப்பா இந்தா வந்துக்கிட்டே இருக்கேன். வேற பொட்டு வாங்கிட்டு வர்றேன்."

கீழே மீன்வளத் துறையின் கார் வந்து நின்றது. மணி பத்து. டாக்டர் ஹாரிஸ் என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் அதற்குள் படியிறங்கிப் போனவர் பாதியில் நின்று திரும்பி மேலே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் வேதியியல் கேள்வி அதுதான்.

"டாக்டர், ஸ்டிக்கர் பொட்டுல ஈயம் இருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். "போற வழியில வாங்குவோம்ண்ணே" என்றேன். "கருவியை எடுத்துக்கிட்டு வர்றேன். கடையிலயே வச்சுப் பார்த்துடலாம்."

"சரி டாக்டர்" என்றார், படியிலேயே காத்து நின்றார்.